கரையோரப் பூந்தோட்டத்தில் ஓர் இரவு நடை: ஒளி, ஒலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூருக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு மாலையாவது கரையோரப் பூந்தோட்டத்துக்குக் கூட்டிப்போவேன். கார்டன்ஸ் பை த பே என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுதான். ராத்திரியில் அங்கே ராட்சத மரங்கள் இசைக்கு ஏற்ப ஒளிரும் காட்சிக்கு கார்டன் ராப்சடி என்று பெயர். எத்தனை மணிக்கு, டிக்கெட் எவ்வளவு, அம்மாவால் நடக்க முடியுமா, மழை வந்தால் என்ன செய்வது என்று ஒரே கேள்விகள் வாட்ஸாப்பில் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்சி ஏறக்குறைய 15 நிமிடம்தான். அதற்காக ஓடிவந்து, வீடியோ எடுத்து, ஓடிப்போனால் பாதிதான் கிடைக்கும். அதற்கு முன்னும் பின்னும் தோட்டத்தின் அரையிருட்டில் நடப்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

காட்சி எத்தனை மணிக்கு? கட்டணம் உண்டா?

வழக்கமாக இரவு 7:45க்கு ஒன்று, 8:45க்கு ஒன்று. கட்டணம் இல்லை, முன்பதிவும் வேண்டாம். தோட்டத்தின் வெளிப்பகுதி முழுவதும் இலவசம். கண்ணாடிக் கூடங்களுக்கும் மரங்களுக்கு இடையே தொங்கும் வான்பாலத்துக்கும்தான் டிக்கெட். பராமரிப்புக்காகவோ விழாவுக்காகவோ சில நாள் நேரம் மாறும். அதனால் கிளம்பும் அன்று காலையில் தோட்டத்தின் இணையப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மார்ச் மாதக் கடைசியில் வருகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுற்றுச்சூழலுக்காக உலகெங்கும் ஒரு மணி நேரம் விளக்கணைக்கும் புவி நேரம் (எர்த் அவர்) கடைப்பிடிக்கும் சனிக்கிழமை இரவு 8:30 முதல் 9:30 வரை மரங்களின் விளக்குகளை அணைத்துவிடுவது வழக்கம்.

7:45 காட்சியா, 8:45 காட்சியா? எது நல்லது?

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. ஏறக்குறைய 6:45க்கும் 7:20க்கும் நடுவில் மறைந்துவிடும். பிப்ரவரியிலும் ஜூலையிலும்தான் மிகவும் தாமதம். அந்த மாதங்களில் 7:45 காட்சி தொடங்கும்போது வானத்தில் கருநீலம் கொஞ்சம் மிச்சமிருக்கும். கறுத்துவரும் நீலத்துக்கு எதிரே மரங்களின் ஊதா நிறம் தெரிவது எனக்கு முழு இருட்டைவிடப் பிடிக்கும். படம் எடுப்பவர்களுக்கும் அதுவே தோது.

8:45 காட்சியில் வானம் முழுக்கக் கறுத்திருக்கும், வண்ணங்கள் அடர்த்தியாகத் தெரியும். முதல் காட்சியைப் பார்த்த சுற்றுலாக் குழுக்கள் பேருந்தில் ஏறிப் போயிருப்பார்கள் என்பதால் பெரும்பாலும் கூட்டமும் குறைவு. குழந்தைகளோடு வந்தால் 7:45. பெரியவர்கள் மட்டும் என்றால் 8:45. நேரம் இருந்தால் இரண்டையும் பாருங்கள், ஒன்றைக் கீழே படுத்து, இன்னொன்றைத் தூரத்தில் நின்று.

ஊருக்கு வீடியோ அழைப்பில் காட்ட நினைப்பவர்கள் கவனத்துக்கு: இங்கே 7:45 என்றால் தமிழ்நாட்டில் 5:15. அங்கே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

அவை நிஜ மரங்களா?

நிஜ மரங்கள் இல்லை. ஆனால் உயிர் உண்டு. நடுவில் கான்கிரீட் தண்டு, அதைச் சுற்றி எஃகுச் சட்டம், சட்டத்தின்மேல் செடிகள் வளரும் பலகைகள், உச்சியில் விரித்த குடையைத் தலைகீழாகத் திருப்பி வைத்த மாதிரி விரியும் கம்பிக் கிளைகள். சூப்பர்ட்ரீ என்று பெயர். தோட்டம் முழுக்க இப்படி 18 இருக்கின்றன, அவற்றில் 12 ஒரே இடத்தில் தோப்பாக நிற்கின்றன. உயரம் 25 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை. 50 மீட்டர் என்றால் ஏறக்குறைய 16 மாடி. அந்தத் தண்டுகளில் 200க்கும் மேற்பட்ட வகைகளில் 1,62,900க்கும் அதிகமான செடிகள் வளர்கின்றன.

இருட்டுவதற்கு முன்னால் போனால் ஒரு மரத்தடிக்குப் போய் மூன்றடி தூரத்தில் நின்று பாருங்கள். பெரணிகள், ஆர்க்கிட், கொடிகள். நடுநடுவே அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த புரோமிலியாட் செடிகள். அவற்றின் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நடுவில் ஒரு கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும், அதில் மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும். ஒருநாள் மழை விட்ட கையோடு போயிருந்தேன். விளக்கு எரியத் தொடங்கியதும் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கிண்ணத்துத் தண்ணீர் ஊதாவாக மாறியது, அடுத்த நொடி பச்சை. மேலே 12 மரங்களில் நடந்த அத்தனையும் அந்த ஒரு கரண்டித் தண்ணீரில் தெரிந்தது. அன்று நான் அண்ணாந்தே பார்க்கவில்லை.

இந்த மரங்கள் வேலையும் செய்கின்றன. சிலவற்றின் உச்சியில் சூரியத் தகடுகள் உண்டு. சில, பக்கத்துக் கண்ணாடிக் கூடங்களின் காற்றை வெளியேற்றுகின்றன. நகரத்தில் வெட்டப்படும் மரக்கிளைகளை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுக்கும் கொதிகலன் ஒன்று இங்கே இருக்கிறது. அதன் புகைபோக்கியும் ஒரு சூப்பர்ட்ரீக்குள்தான் போகிறது.

என்ன இசை போடுவார்கள்? எப்போதும் ஒரே பாட்டா?

இல்லை, அவ்வப்போது மாறும். மேற்கத்திய இசை நாடகப் பாடல்கள், ஆப்பரா, பழைய ஹிட் பாடல்கள் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தொகுப்பு. டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாடல்கள், ஆகஸ்டில் தேசிய தினத்தை ஒட்டிய பாடல்கள். ராப்சடி என்பது ஒரே கட்டமைப்பில் நிற்காமல் மனம்போல மாறிமாறிப் போகும் இசை வடிவத்தின் பெயர்.

பாட்டு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒளியைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள், அப்போதுதான் சுவை புரியும். தாளம் மட்டும் போகும்போது மரத்துக்கு மரம் விளக்கு தாவும். குரல் நீண்டு ஒலிக்கும்போது ஒரே நிறம் தண்டிலிருந்து கிளைக்கு மெதுவாக ஏறும். பாட்டு நிற்கும் இடத்தில் எல்லாம் ஒரே நொடியில் அணையும். அந்த இருட்டு ஒரு நொடிதான், ஆனால் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வது கேட்கும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் வேண்டுமென்றே விட்டுவைக்கும் இடைவெளியை ரசித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

எங்கிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும்?

தோப்பின் நடுவில், தரையில் மல்லாக்கப் படுத்து. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

காரைக்குடியிலிருந்து வந்திருந்த பெரியம்மாவை அப்படிப் படுக்கச் சொன்னபோது, "நாலு பேர் பார்க்கிற இடத்துல பொம்பளை கால நீட்டிப் படுக்கலாமாடா?" என்று தயங்கினார். பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி பேரனோடு படுத்திருந்தார். தன் பாயின் ஓரத்தைத் தட்டி, வா என்று சைகை செய்தார். பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெதுவாகச் சாய்ந்தார். காட்சி முடிந்ததும் கைகொடுத்துத் தூக்கப் போனேன். "இரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மரத்தடியில கட்டில் போட்டுப் படுத்து எத்தனை வருஷமாச்சு" என்றார். ஊர் வீட்டு வாசலில் இருந்த வேப்பமரத்தைத்தான் சொன்னார். சாலையை அகலப்படுத்தியபோது அது போய்விட்டது.

அதனால் ஒரு பாயோ பழைய பெட்ஷீட்டோ எடுத்துக்கொண்டு, 20 நிமிடம் முன்னதாகவே போய் இடம் பிடியுங்கள். தரை பகல் வெயிலில் சூடேறி, ராத்திரியிலும் இளஞ்சூடாக இருக்கும், முதுகுக்கு இதம்.

படுக்க முடியாதவர்களுக்குத் தோப்பைச் சுற்றி உட்கார இடங்கள் உண்டு. தூரத்திலிருந்து பார்க்க டிராகன்ஃபிளை ஏரிப் பக்கம் நல்ல இடம். அங்கே சத்தம் மெலிந்து கேட்கும், தண்ணீரில் மரங்கள் தலைகீழாக ஒளிரும்.

வான்பாலத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா?

தரையிலிருந்து 22 மீட்டர் உயரத்தில், 128 மீட்டர் நீளத்தில், மரங்களுக்கு நடுவே வளைந்துபோகும் நடைபாலம் அது. அந்தி சாயும் நேரத்தில் மேலே ஏறினால் ஒருபக்கம் கடல், மறுபக்கம் நகரம். அதற்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. ஆனால் காட்சியை அங்கிருந்து பார்ப்பதைவிடக் கீழிருந்து பார்ப்பதே மேல் என்பது என் எண்ணம். மேலே இருந்தால் கிளைகள் கண்மட்டத்துக்கு வந்துவிடும், அந்த உயரம் தெரியாது. மழையோ இடியோ வந்தால் பாலத்தை மூடிவிடுவார்கள்.

நடை என்று சொன்னீர்களே, எந்த வழியாக நடப்பது?

பேஃபிரண்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி பி வாசல் வழியாகச் சுரங்கநடையில் வந்தால் தோட்டத்தின் ஓரத்தில் வெளியே வருவீர்கள். நேராக நடந்தால் தோப்புக்கு 10, 15 நிமிடம். நான் சொல்கிற நடைக்கு, தோப்பில் இடம் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்து, ஒன்றரை மணி நேரம் வையுங்கள். 6:15க்கு வந்துவிட்டால் சரியாக இருக்கும்.

முதலில் டிராகன்ஃபிளை ஏரி. இங்கே நின்று காதை மட்டும் திறந்துவையுங்கள். இந்த நிலம் முழுக்கக் கடலை நிரப்பி உண்டாக்கியது. ஏரியில் இருக்கும் நீர்த்தாவரங்கள் தோட்டத்திலிருந்து வழிந்துவரும் தண்ணீரின் அழுக்கை உறிஞ்சிக்கொண்டு, தெளிந்த நீரை மரீனா நீர்த்தேக்கத்துக்கு அனுப்புகின்றன. பொழுது சாயும்போது முதலில் பூச்சிகள் தொடங்கும், பிறகு தவளைகள். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டே கரையேறும். எட்டி நின்று பாருங்கள், துரத்திக்கொண்டு ஓடாதீர்கள்.

அப்புறம் மரபுத் தோட்டங்கள். இந்தியத் தோட்டம், சீனத் தோட்டம், மலாய்த் தோட்டம், காலனித்துவத் தோட்டம் என நான்கு. இந்தியத் தோட்டத்தின் அமைப்பு கோல வடிவத்தைத் தழுவியது. நடக்கும்போது அது தெரியாது, அதனால் முதலில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். காலனித்துவத் தோட்டத்தில் ரப்பர், கிராம்பு, ஜாதிக்காய் போன்றவை இருக்கும். மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் போன தாத்தாக்கள் உள்ள குடும்பங்கள் அங்கே கொஞ்சம் நிற்பார்கள். நானும் நிற்பேன்.

புல்வெளிப் பக்கம் மார்க் குவின் என்ற பிரிட்டிஷ் சிற்பி செய்த, பிளானெட் என்ற சிற்பம் இருக்கிறது. தூங்கும் ஆண் குழந்தை, வெள்ளைப் பூச்சு பூசிய வெண்கலம், 7 டன் எடை. வலது கை மட்டும் தரையைத் தொட, மிச்ச உடல் முழுக்க அந்தரத்தில். பகலில் பார்ப்பதைவிட இருட்டில் பார்க்க வேண்டிய சிற்பம் இது. புல் கறுத்துப்போய், குழந்தை மட்டும் வெளுப்பாக மிதக்கும். அங்கே யாரும் சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடுவோமோ என்கிற மாதிரி குரல் தானாகவே தணிந்துவிடுகிறது.

அங்கிருந்து தோப்பு.

வேறு ஒளிக் கலைகளும் அங்கே வருமா?

வரும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் வொண்டர்லேண்ட் என்று 2014 முதல் நடக்கிறது. இத்தாலியப் பாணியில் ஆயிரக்கணக்கான விளக்குகள் கோர்த்த பெரிய பெரிய வளைவுகள் வைப்பார்கள். அதற்கு டிக்கெட் உண்டு, அந்த நாட்களில் தோப்புப் பகுதிக்குள் போகவும் கட்டுப்பாடு இருக்கலாம். அதனால் டிசம்பரில் வருகிறவர்கள் கட்டாயம் முன்கூட்டியே விசாரியுங்கள். நடு இலையுதிர்த் திருவிழாவுக்குச் சீன விளக்குகள் வைப்பார்கள்.

எனக்கு மறக்கவே முடியாதது 2020 தொடக்கத்தில் டீம்லேப் என்ற ஜப்பானியக் கலைக் குழு வைத்தது. முட்டை வடிவப் பெரிய ஒளிக்கூடுகளை ஏரியிலும் கரையிலும் விட்டிருந்தார்கள். ஒன்றைக் கையால் தள்ளினால் அதன் நிறம் மாறும், கூடவே ஒரு சுரம் எழும். பக்கத்துக் கூடு அதே நிறத்தையும் சுரத்தையும் வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். அது கரையோர மரங்கள் வரை போகும். காற்று தள்ளினாலும் அப்படியே. நான் தொட்ட கூட்டின் நிறம் எங்கெங்கோ போய்விட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து முகம் தெரியாத யாரோ தொட்ட நிறம் என்னிடம் வந்தது. சில வாரங்களில் கொரோனா வந்து யாரும் யாரையும் தொடாத காலம் தொடங்கிவிட்டது. அதனால்தானோ என்னவோ, அந்த மாலை இன்னும் கண்ணில் நிற்கிறது.

மழை வந்தால்?

இங்கே ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் எங்காவது மழை பெய்துவிடும். நவம்பர், டிசம்பரில் இன்னும் அதிகம். சாதாரணத் தூறலுக்குப் பயப்பட வேண்டாம், நனைந்த தரையில் விளக்குகள் இரட்டிப்பாகத் தெரியும். இடி, மின்னல் என்றால் திறந்த வெளியில் நிற்காதீர்கள். கண்ணாடிக் கூடங்கள் பக்கம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். 7:45 தப்பினால் 8:45 இருக்கிறது, அதனால்தான் சீக்கிரம் வரச் சொல்கிறேன். குடையைவிட மழைக்கோட்டு நல்லது. குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு எல்லாம் மறைந்துவிடும்.

வயதானவர்கள், சக்கர நாற்காலி, கைக்குழந்தைகள்?

பாதைகள் பெரும்பாலும் சமதளம். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தாராளமாகப் போகும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேலே சொன்ன நீண்ட நடை வேண்டாம், ஏரியும் தோப்பும் போதும். தோட்டத்துக்குள் ஓடும் கட்டண வண்டியும் உண்டு. இரவில் கடைசி வண்டி எப்போது என்று ஏறும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளைகள் இருந்தால் தோப்பின் நடுவுக்குப் போகாதீர்கள். என் தங்கையின் மகன் அப்படித்தான். முதல் தடவை காதைப் பொத்திக்கொண்டு அழுதான். மறுமுறை ஏரிக்கரையில் நிறுத்தினோம். விளக்குகளை விரலால் எண்ணிக்கொண்டே கடைசி வரை நின்றான்.

படம் எடுப்பது எப்படி?

போனில் இரவு முறையைப் போடுங்கள், கையை எதன்மேலாவது ஊன்றிக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் ஊதாவும் நீலமும் வெளுக்காமல் வரும். ஃபிளாஷ் கட்டாயம் வேண்டாம். 50 மீட்டர் மரத்துக்கு அது எட்டாது, முன்னால் படுத்திருப்பவரின் கண்ணைத்தான் கூசவைக்கும். முதல் இரண்டு நிமிடம் எடுத்துவிட்டு போனைப் பைக்குள் போடுங்கள் என்று என்னோடு வரும் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். கேட்டவர்கள் யாரும் வருத்தப்படவில்லை.

இத்தனை விளக்கு போட்டால் செடிகளுக்கும் உயிர்களுக்கும் தொந்தரவு இல்லையா?

நியாயமான கேள்வி. செயற்கை ஒளி இரவுப் பூச்சிகளின் வழியைக் குழப்புகிறது என்பது தெரிந்ததுதான். விட்டில்கள் விளக்கைச் சுற்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்தக் காட்சி ஒரு நாளைக்கு இரண்டு முறை, கால் கால் மணி நேரம்தான். சுற்றியுள்ள நகரம் விடிய விடிய எரிவதோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனாலும் எங்கே ஒளி வேண்டும் என்பதைப் போலவே எங்கே இருட்டை விட்டுவைப்பது என்பதையும் ஒரு தோட்டம் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏரிப்பக்கம் அப்படிக் கொஞ்சம் இருட்டு இருக்கிறது. நாமும் அதைக் கெடுக்காமல் நடக்கலாம். டார்ச் அடித்துத் தூங்கும் பறவைகளைத் தேடக் கூடாது.

பக்கத்தில் மரீனா பே சேண்ட்ஸ் ஹோட்டல் வளாகத்தில் நடக்கும் தண்ணீர்க் காட்சியையும் அதே நாளில் பார்க்க முடியுமா?

முடியும். ஸ்பெக்ட்ரா என்ற அந்தக் காட்சியும் இலவசம்தான். வழக்கமாக இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும், வெள்ளி சனிக்கிழமைகளில் 10 மணிக்கும் உண்டு. இங்கே 7:45 காட்சியை முடித்துவிட்டு நிதானமாக நடந்தால் அங்கே 9 மணிக்குச் சரியாக இருக்கும். 8 மணிக்கு அங்கே பார்த்துவிட்டு 8:45க்கு இங்கே வருவது மூச்சிரைக்கும் வேலை, பெரியவர்களோடு அதைச் செய்யாதீர்கள். ஒன்றை விட வேண்டும் என்றால் நான் ஸ்பெக்ட்ராவைத்தான் விடுவேன்.

தீபாவளிச் சமயத்தில் வருகிறோம். ஏதாவது விசேஷம்?

அப்போது சிராங்கூன் சாலை முழுக்க ஒளியூட்டு இருக்கும். கரையோரப் பூந்தோட்டத்தை முடித்துவிட்டு பேஃபிரண்டில் டௌன்டவுன் பாதை ரயில் ஏறினால், மாறாமல் நான்காவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. ஒரே இரவில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

சாப்பாடு? எத்தனை மணி வரை அங்கே இருக்கலாம்?

தோட்டத்துக்குள்ளேயே சாத்தே பை த பே என்ற உணவங்காடி இருக்கிறது. சாத்தேயும் (குச்சியில் கோர்த்துச் சுட்ட இறைச்சி) கடலுணவும் சாப்பிடுகிறவர்களுக்கு நல்ல இடம். சைவம் மட்டும் என்றால் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, போய்விடுங்கள். 1947 முதல் இயங்கும் கோமள விலாஸ் அங்கேதான் இருக்கிறது, பக்கத்தில் வேறு கடைகளும் உண்டு. ஆனால் சமையலறை மூடும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்பதரைக்காவது தோட்டத்தை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.

பசியில்லாவிட்டால் அவசரமே இல்லை. வெளித்தோட்டம் இரவு 2 மணி வரை திறந்திருக்கும், ரயில் ஏறக்குறைய நள்ளிரவு வரை ஓடும். 8:45 காட்சி முடிந்து பத்து நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிடும். அப்போது ஏரிக்கரைக்குத் திரும்பிப் போய் ஒரு பெஞ்சில் உட்காருங்கள். ஒலிபெருக்கிகள் ஓய்ந்திருக்கும். தவளைகள் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கும்.